படத்தின் கீழே ஊர்ப் பெயர்

ஒசாகா, குஜோ
15 ஏப்ரல் 1974, திங்கள்

அன்புத் தங்கை மினேயோவுக்கு,

செர்ரிப் பூவெல்லாம் கொட்டி, கடை வாசலைப் பெருக்குவதே எனக்கு வேலையாகிவிட்டது. வடக்கே உங்கள் சகாதாவில் இப்போதுதான் பனி உருகியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை கெங்கோ சுகம்தானே? புத்தாண்டு வாழ்த்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை, பிப்ரவரிக் கடிதத்துக்கும் இல்லை. நான் திட்ட வேண்டியது உன்னையா, தபால்காரரையா?

சேதி கேள். புகைப்பட இதழின் மாதப் போட்டியில் உன் அண்ணனுக்கு மூன்றாம் பரிசு. பன்னிரண்டு வருஷமாக, முடிதிருத்தும் கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைதோறும் கேமராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததற்கு இப்போதுதான் ஒரு பலன். தெருவில் ஒரு பெண் நிற்கிறாள். நிஷியோ கடையில் உருளைக்கிழங்கு மசித்துப் பொரிக்கும் கொரோக்கே கையில். சூடு தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதுகிறாள், ஊதும்போதே சிரிப்பும் வருகிறது. அவ்வளவுதான் படம்.

கீழே "ஒசாகா, குஜோ கடைத்தெரு, மார்ச்" என்று அச்சாகியிருக்கிறது. என்ன கேமரா, என்ன லென்ஸ் என்பதும் உண்டு. போட்டிக்கு அனுப்புகிற எல்லோரும் இதை எழுதித்தான் ஆகவேண்டும். சிலர் அரைகுறையாக எழுதுவார்கள். நான் அப்படியில்லை. எந்தச் சுருள், எந்தத் தெரு, எத்தனை மணி என்று நோட்டில் குறித்து வைக்கிறவன். படம் பொய் சொல்லக்கூடாது என்றால் அதன் கீழே உள்ள எழுத்தும் பொய் சொல்லக்கூடாது.

இதழ் ஒன்று தனித் தபாலில் வருகிறது. மாப்பிள்ளையிடமும் காட்டு. இரண்டு வரி எழுதிப் போடு, காய்ந்து போய்க் கிடக்கிறேன்.

உன் அண்ணன்,
யசுமிச்சி


சகாதா
6 மே 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கிவிட்டார்கள், இரவெல்லாம் தவளைச் சத்தம். நாங்கள் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். வாசல்படி ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. முந்தைய கடிதங்களுக்கு எழுதாததும் அதுபோல ஏதோ ஒன்றால்தான்.

இதழ் வந்தது. தபாலை எல்லாம் அவர்தான் முதலில் பிரித்துப் பார்ப்பார், பிறகு என்னிடம் தருவார். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரு, தெரு, மாசம் எல்லாம் போட்டிருக்கான். ஆளைத் தேடுறவனுக்கு இதைவிட வசதி வேணுமா" என்றார். அவர் பஸ் கம்பெனிப் பரிசோதகர் அல்லவா, அவருக்கு அப்படித்தான் தோன்றும். உங்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

எனக்கு அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. யார் அவள்? எந்த ஊர்க்காரி? இப்படிச் சிரிக்க அவளுக்கு என்ன கிடைத்தது?

வேறு விசேஷம் இல்லை.

தங்கை,
மினேயோ


ஒசாகா, குஜோ
27 மே 1974, திங்கள்

மினேயோவுக்கு,

கை தேவலையா? எண்ணெய் போட்டு நீவிவிடு. இங்கே வெயில் ஏறிவிட்டது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ரித்சு. ஷிகோகு தீவில் ஏதோ ஊர். இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தவள். ஆவியாகிப் போனவர்கள் என்று இங்கே சொல்வோமே, அந்த வகை. நிஷியோ ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை கொடுத்து, கடைக்கு மேலேயே படுக்க இடமும் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

போன வியாழக்கிழமை அவள் புருஷன் வந்தான். கிழித்த இதழ்ப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். பட்டப்பகலில், கடைத்தெரு முழுக்க ஜனம் நிற்க, அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்சியில் தள்ளினான். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று ஒருவரும் குறுக்கே போகவில்லை. நானும் கத்தரிக்கோலும் கையுமாக என் கடை வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவள் ஒரு செருப்பு மீன்கடை முன்னால் கிடந்தது.

அன்று இரவு நிஷியோ வந்தார். "உங்க படத்துக்கு மூணாம் பரிசு குடுத்தாங்க. அவளுக்கு என்ன குடுத்தாங்கன்னு பார்த்தீங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு முடிவெட்ட வருவதில்லை.

இன்று திங்கள். கேமரா உறைக்குள்ளேயே கிடக்கிறது.

அண்ணன்


சுருவோக்கா தபால் நிலையத்திலிருந்து
10 ஜூன் 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் மனசைத் தளரவிடக்கூடாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல் வைத்தியரைப் பார்க்கப் பக்கத்து ஊரான சுருவோக்காவுக்கு வந்தேன், அப்படியே இதை எழுதிப் போடுகிறேன். முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தது, பிடுங்கிவிட்டார்கள்.

ரித்சுவைப் பற்றிச் சில கேள்விகள். சும்மாதான் கேட்கிறேன். ஊரிலிருந்து கிளம்பும்போது என்னென்ன எடுத்து வந்தாள்? குடும்பப் பதிவுச் சான்று இல்லாமல் எப்படி வேலை கிடைத்தது? நிஷியோ மாதிரி ஆட்கள் ஒசாகாவில் எங்கெங்கே இருக்கிறார்கள்? அந்தக் கடைத்தெருவில் இருநூறு கடை இருக்கும் என்பீர்களே, அவள் புருஷன் எப்படி நேராக நிஷியோ கடைக்குப் போனான்?

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் அண்ணா. என் தோழி சுமி இங்கே தையல் வகுப்பு நடத்துகிறாள். அவள் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அங்கேயே போடுங்கள். மறந்துவிடாதீர்கள்.

மினேயோ


ஒசாகா, குஜோ
24 ஜூன் 1974, திங்கள்

மினேயோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் பூஞ்சை. முப்பத்தெட்டு வயசில் உனக்குப் பல் விழுகிறதா? எனக்கு நாற்பத்தாறு, என் பல்லெல்லாம் அப்படியே இருக்கிறது. சின்ன வயசில் நீ தின்ற மிட்டாய்க்கு இது தண்டனை.

நீ வைத்த முகவரிச் சீட்டை எங்கோ வைத்துவிட்டேன், தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, வீட்டுக்கே போடுகிறேன். மாப்பிள்ளை படித்தால் படிக்கட்டும், நமக்குள் என்ன ஒளிவுமறைவு.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அவனுக்கு வழிகாட்டியது நான்தான். அந்த வியாழக்கிழமை மத்தியானம் சவரம் செய்யவேண்டும் என்று வந்து நாற்காலியில் சாய்ந்தான். கழுத்தில் என் கத்தி. "இந்தத் தெருவைப் படம் எடுத்து யாரோ பரிசு வாங்கினாராமே" என்றான்.

"வேற யாரு, நான்தான்."

"அப்படியா. அந்தப் பொண்ணு மூஞ்சியில என்ன சந்தோஷம். யார்னு தெரியாம எடுத்தீங்களோ?"

"தெரியாம என்ன, நம்ம நிஷியோ கடைப் பொண்ணு. மூலையில இருந்து மூணாவது கடை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல நின்னா பார்க்கலாம்."

என் வாய் இருக்கிறதே. பரிசு வாங்கிய பெருமையில் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். தாடையில் நுரை துடைத்து, பவுடர் போட்டு, வணங்கி அனுப்பி வைத்தேன். கத்தி என் கையில்தான் இருந்தது மினேயோ, அவனுக்கு ஒரு கீறல்கூட விழாமல் வழித்துவிட்டேன்.

மற்ற கேள்விகளுக்கு: ரித்சு ஒரே ஒரு துணி மூட்டையோடு வந்தாளாம். சான்று கேட்காமல் வேலை கொடுக்கிற இடங்கள் இங்கே நிறைய. பொதுக் குளியலறைகள், பொத்தான் பட்டறைகள், சுருஹாஷி சந்தைப் பக்கத்து ஊறுகாய்க் கடைகள். படுக்க இடமும் தருவார்கள். உனக்கு எதற்கு இதெல்லாம், கதை எழுதப் போகிறாயா?

அண்ணன்


ஒசாகா, குஜோ
5 ஆகஸ்ட் 1974, திங்கள்

மினேயோவுக்கு,

ஆறு வாரமாகிறது. நடுவில் போட்ட இரண்டு அட்டைகளுக்கும் பதில் இல்லை. மாப்பிள்ளைக்கும் உனக்கும் உடம்பு நலம் என்று ஒரு வரி வந்தால் போதும்.

நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். மணிக்கட்டு, வழுக்கிய படி, ஆடிய பல், வீட்டுக்கு எழுதாதே என்று சொன்னது. நான் ஒரு மடையன். முகம் தெரியாதவர்களின் நெற்றிச் சுருக்கம்வரை பார்த்துப் படம் எடுக்கிறவன், கூடப் பிறந்தவள் எழுதியதைப் பார்க்கவில்லை. நான் நினைப்பது சரியென்றால், ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு வெற்று அட்டையைத் தபாலில் போடு. நான் வருகிறேன்.

அண்ணன்


சகாதா
20 ஆகஸ்ட் 1974

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

கடும் வெயிலிலும் தாங்களும் தங்கள் தொழிலும் சிறப்புற இருக்க வேண்டுகிறேன். நான் தங்கள் நல்லெண்ணத்தால் நலம்.

மினேயோ இம்மாதம் ஒன்பதாம் தேதி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். கட்டம்போட்ட பழுப்பு நிறக் குளிர்கோட்டை எடுத்துப் போயிருக்கிறாள். ஆகஸ்டில் கோட்டு எடுத்துப் போகிறவள் பனிக்கு முன்னால் திரும்பும் எண்ணத்தில் இல்லை. அந்தக் கோட்டு நான் வாங்கிக் கொடுத்தது. முதுகுப் பட்டியில் ஒரு பொத்தான் தொலைந்து, பொருந்தாத பெரிய வெள்ளைப் பொத்தானைத் தைத்திருந்தாள். எத்தனை முறை சொல்லியும் மாற்றவில்லை.

தங்கள் ஜூன் மாதக் கடிதத்தை நான்தான் முதலில் படித்தேன். அது அவள் கைக்குப் போகவில்லை. அதற்குரிய பதிலை அவளுக்கு நானே கொடுத்தேன். சான்று கேட்காத இடங்களைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள், மிக்க நன்றி. தாங்கள் திங்கட்கிழமைதோறும் ஒசாகாவின் தெருக்களை எல்லாம் எடுக்கிறீர்கள். தாங்கள் கவனிக்காவிட்டாலும் ஒருநாள் அவள் தங்கள் கேமராவில் விழுவாள். ஒருமுறை பார்த்த முகத்தை நான் மறப்பதில்லை. விடுப்புக் கிடைத்ததும் வந்து படங்களைப் பார்வையிடுகிறேன். அந்த இதழுக்கும் சந்தா கட்டியிருக்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளுங்கள்.

கெங்கோ


(அனுப்புநர் முகவரி இல்லை)
20 செப்டம்பர் 1974

அண்ணா,

நலமா என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது. இதை எங்கே வைத்துப் படிப்பீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் ஊரில்தான் இருக்கிறேன். எந்தப் பகுதி என்று சொல்லமாட்டேன். கோபம் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள், அது உங்கள் சுபாவம், அவ்வளவுதான்.

பதினொரு வருஷமாக அடித்தார். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் ஜூன் கடிதத்தை என் முன்னால் உரக்கப் படித்தார், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி. அன்று பிழைத்ததே பெரிது. ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். நீங்கள் எழுதிய மூன்று வகை இடங்களில் ஒன்றில்தான் இப்போது வேலை. அவருக்கும் அந்த மூன்றும் தெரியும். கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே பின்வாசல் பக்கம் ஒதுங்கிவிடுகிறேன்.

எழுத வேண்டுமானால் மத்தியத் தபால் நிலையத்துக்கு, மிசோகுச்சி தாயே என்ற பெயருக்கு அனுப்புங்கள். கையெழுத்துக்குப் பதிலாக வைக்க அந்தப் பெயரில் ஒரு மரமுத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், காட்டினால் தருவார்கள். படித்ததும் எரித்துவிடுவேன். நீங்களும் எரித்துவிடுங்கள்.

மாதாமாதம் புத்தகக் கடையில் நின்றபடியே உங்கள் இதழைப் புரட்டிப் பார்க்கிறேன். திங்கட்கிழமைகளில் மட்டும் நான் வெளியே வருவதில்லை. உங்கள் கேமராவுக்குப் பயந்து.

மினேயோ


ஒசாகா
18 நவம்பர் 1974, திங்கள்

மிசோகுச்சி தாயே அவர்களுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. முழுக்கப் படி, முதல் வேலையாக அந்தக் கோட்டைக் கழற்று.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்துவிட்டார். ஒரு பெட்டி பழத்தோடு வந்து வாசலில் குனிந்து வணங்கினார். நான் கீழே முடிவெட்ட, அவர் மாடியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியும் கையுமாக, ஆகஸ்ட் முதல் எடுத்த அத்தனை அச்சுத்தாள்களையும் பார்த்தார். ஒரு சுருளின் முப்பத்தாறு படமும் தபால்தலை அளவில் வரிசையாக இருக்கும் தாள்கள் அவை. அருகில் என் நோட்டு, எந்தத் தெரு எத்தனை மணி என்று. என் ஒழுங்கெல்லாம் அவருக்குத்தான் உதவியது. இழுப்பறைகளையும் திறந்து பார்த்திருக்கிறார். உன் கடிதத்தை எரிக்க மனம் வராமல் கத்தி தீட்டும் தோல்பட்டைக்குப் பின்னால் செருகியிருந்தேன். அன்று முழுக்க அந்தப் பட்டையில்தான் கத்தி தீட்டினேன். இப்போது எரித்துவிட்டேன்.

மத்தியானம் மாடியிலிருந்து குரல். "மச்சான், தொட்டிக்கு மேல தொங்குதே, அது என்ன?"

முந்தின நாள் மழையில் எடுத்த சுருள். அன்று காலைதான் கழுவித் தொங்கவிட்டிருந்தேன். நானே இன்னும் பார்க்கவில்லை. "ஈரம் மாப்பிள்ளை, இன்னும் காயல" என்று ஏறிப் போனேன். அதற்குள் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இருபத்திரண்டாவது படத்தில் நீ.

திங்கட்கிழமை ஏன் வெளியே வந்தாய்? மருந்து வாங்கவா, முதலாளி அனுப்பினாரா? குடையைச் சாய்த்துக்கொண்டு நேராக என்னைப் பார்க்கிறாய், நான் உன்னைப் பார்க்கவில்லை. அடுத்த படத்தில் முதுகைத் திருப்பி நடக்கிறாய். அவர் கட்டைவிரல் உன் முகத்துக்கு ஓரமாக இருந்தது.

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். பன்னிரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "என்ன மச்சான், எல்லாம் கறுப்பு மூஞ்சி, வெள்ளை முடி. பொணம் மாதிரி இருக்கு. நாளைக்கு அச்சுப் போட்டு வைங்க, பார்த்துட்டுக் கிளம்புறேன்" என்று என் கையில் கொடுத்தார்.

கடை சாத்தியதும் உட்கார்ந்து, வழக்கம்போலச் சுருளை ஆறாறு படமாக வெட்டி, நீ இருந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு, போன வருஷ மழையில் எடுத்த ஒரு துண்டை, ஓரத்தில் அதே எண்கள் வருகிற மாதிரி வைத்து அச்சுப் போட்டேன். மறுநாள் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபத்திரண்டில் ஒரு மீன்காரர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்த மாசமும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் முகம் இருந்த படத்தை எரித்தேன். என் வாழ்க்கையில் நான் எரித்த முதல் நெகட்டிவ் அதுதான். முதுகுப் படத்தை எரிக்கவில்லை. மழை, குடை, பின்பக்கம் அந்தப் பெரிய வெள்ளைப் பொத்தான். முகமும் இல்லை, கடைப் பலகையும் இல்லை. அதைப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே "நகோயா, நவம்பர்" என்று எழுதினேன். கேமரா, லென்ஸ் எல்லாம் உண்மை. ஊர் மட்டும் பொய். போன திங்கள்வரை எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார், அதனால் நோட்டில் இன்றைய தேதிக்கு நேரே, முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்துக்காக நகோயா போனதாக எழுதிவிட்டேன்.

அவரிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவரே பார்க்கட்டும். தானாகக் கண்டுபிடித்ததை அவர் சந்தேகப்படமாட்டார். பரிசு வேண்டாம், அச்சானால் போதும் என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொள்கிறேன்.

அன்று நான் எடுத்து வைத்த ரித்சுவின் செருப்பு இன்னும் என் கடையில்தான் இருக்கிறது.

யசுமிச்சி


அஞ்சலட்டை
நகோயா, ரயில் நிலையம் அருகில்
30 ஜனவரி 1975

மைத்துனர் அவர்களுக்கு,

குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வந்துவிட்ட பிப்ரவரி இதழ் பார்த்தேன். தங்கள் படம் தேர்வானதற்கு வாழ்த்துகள். கூடப் பிறந்தவளின் முதுகையே அடையாளம் தெரியாமல் எடுத்து, ஊர்ப் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டீர்கள். கலைஞர்கள் இப்படித்தான் போலும். நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு ஒரு வாரமாக இங்கே தேடுகிறேன். பெரிய ஊர், ஆனால் எனக்கு அவசரம் இல்லை.

கெங்கோ


(அனுப்புநர் முகவரி இல்லை)
9 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிரில் கத்தி பிடிக்கிற விரல்கள் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நலம். அவருடைய அஞ்சலட்டையை உறையில் வைத்து நீங்கள் அனுப்பியது கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தபால் நிலையப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப் பெயரை மூன்று தடவை படித்த பிறகுதான் எழுந்திருக்க முடிந்தது.

கோட்டை அன்றே அடுப்பில் போட்டேன். முதலாளியம்மா ஒரு நீலக் கோட்டுக் கொடுத்தாள், தோள் கொஞ்சம் பெரிசு. பொத்தானை மட்டும் வைத்திருக்கிறேன்.

இதழையும் கடையில் நின்று பார்த்தேன். நகோயாவில் நல்ல மழையாமே. அந்த மழையில் அவர் நிற்கட்டும். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கதவுச் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறேன், என்றைக்காவது அங்கிருந்து திரும்புவார் என்பதும் தெரியும். ஆனாலும் நேற்று தெருவில் நின்று ஒரு கொரோக்கே வாங்கித் தின்றேன். சூடு தாங்கவில்லை.

இனி திங்கட்கிழமைகளிலும் வெளியே வருவேன். உங்களைப் பார்த்தால் பேசமாட்டேன், திரும்பி நடப்பேன். நீங்களும் கூப்பிடாதீர்கள். கேமராவைக் கீழே இறக்க வேண்டாம். எடுங்கள் அண்ணா. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

தங்கை